உமிச் சாம்பலுக்கு மதிப்பு உண்டா?

காவேரிப்பட்டணம் பக்கம் அரிசி ஆலையில் குவியும் உமிச் சாம்பலில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் எரித்த விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 100 கிலோ உமி ஏறக்குறைய 20 கிலோ சாம்பல் தரும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. நீர்த்த அமிலத்தில் உமியைக் கழுவி, பொட்டாசியத்தை நீக்கி, 600–700 டிகிரி செல்சியஸில் எரித்தால் வெள்ளைத் தூள் கிடைக்கும். கொதிகலனில் கண்டபடி எரிந்தது கறுத்துக் கிடக்கும். சூடு மீறினால் படிகமாகிவிடும், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. வெள்ளைத் தூளைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்து வடிகட்டி, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; ஆறிய கஞ்சிபோல் உறையும். நன்றாக அலசி உலர்த்தினால் நீர் போன இடமெல்லாம் நுண்துளை. மாத்திரைப் புட்டிக்குள் ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் இதுதான். நம் பக்கம் மலிவான கேழ்வரகுத் தாளில் சிலிக்கா குறைவு. அதை மாடு தின்னட்டும்.