டெக்சாஸ் கிராமப்புறக் கவுண்டியில் ஒருவர் மீது பழைய வழக்கு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேட்டவரின் நிலைமை இது: மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்திருக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் அம்மா ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பின்னணியைப் பார்க்க வேண்டும். கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வலைத்தளத்தில் தேடும் வசதி இல்லை. பணம் கட்டினால் ஐந்து நிமிடத்தில் முழு ரிப்போர்ட் தருவதாக ஒரு தளம் சொல்கிறது. கட்டலாமா?

கட்ட வேண்டாம். முதலில் போனை எடுங்கள்.

கயத்தாறு காற்றாலைகளில் வேலை பார்த்துவிட்டு, அதே வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவன் நான். அங்கேயும் பொட்டல், இங்கேயும் பொட்டல், சுற்றுகிற இறக்கைதான் பெரிது. வந்த புதிதில் எனக்கும் உங்களைப் போல ஒரு நினைப்பு இருந்தது. ஊரில் போலீஸ் வெரிஃபிகேஷன் என்றால் ஒரு இடத்தில் மனு கொடுத்தால் போதும். அமெரிக்காவில் எல்லாமே கம்ப்யூட்டர், ஒரு பட்டனைத் தட்டினால் மொத்த ஜாதகமும் கொட்டும் என்று. அப்படி ஒரு பட்டன் கிடையாது. வழக்கு எந்தக் கோர்ட்டில் நடந்ததோ, காகிதம் அந்தக் கோர்ட்டின் கிளார்க்கிடம் இருக்கும். மற்ற எல்லாமே அதைப் பார்த்து எழுதிய நகல்தான். நகலெடுக்க விட்டுப்போனதும் நிறைய.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் கவுண்டி சீட் என்று ஒரு தலைநகரம், நடுவில் ஒரு கோர்ட் ஹவுஸ். அதற்குள் போனால் உங்களுக்கு வேண்டியது மூன்று அறைகள். ஃபெலனி எனப்படும் பெரிய குற்றங்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். கிளாஸ் ஏ, கிளாஸ் பி மிஸ்டிமீனர்கள், அதாவது குடித்துவிட்டு முதல் தடவை வண்டி ஓட்டியது, சின்ன அடிதடி, 100 டாலரிலிருந்து 2,500 டாலருக்குள்ளான திருட்டு போன்றவை, கவுண்டி கிளார்க்கிடம். அபராதத்தோடு முடிகிற கிளாஸ் சி வழக்குகள் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டில். ஊர் எல்லைக்குள் உள்ளூர் போலீஸ் பிடித்தது என்றால் பெரும்பாலும் நகரத்தின் முனிசிபல் கோர்ட்டில். 8,000 பேருக்குக் குறைவான கவுண்டியில் பொதுவாக முதல் இரண்டு வேலையையும் ஒரே கிளார்க் பார்ப்பார். லவிங் கவுண்டி என்று ஒன்று இருக்கிறது, 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 64 பேர். நம் ஊரில் ஒரு தெருக் கல்யாணத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும்.

ஜே.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் ஒரு வேடிக்கையான பதவி. தேர்தலில் நின்று ஜெயித்தவர். சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. வேகமாக ஓட்டினதற்கு அபராதம் போடுவார், கல்யாணம் செய்து வைப்பார், மருத்துவப் பரிசோதகர் இல்லாத கவுண்டியில் யாராவது செத்துக் கிடந்தால் விசாரிக்கவும் அவர்தான் போக வேண்டும். இவருடைய அலுவலகம் சில இடங்களில் கோர்ட் ஹவுஸிலேயே இருக்காது, வேறு ஊரில் ஒரு சின்னக் கட்டிடத்தில் இருக்கும். கவுண்டியைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஜே.பி. என்றும் வைத்திருப்பார்கள். ஒருவரிடம் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. படிக்கும்போது ஒரு கடையில் விவகாரமாகி, போலீஸ் கூட்டிப்போய்க் கைரேகை எடுத்து, ஒரு ராத்திரி உள்ளே வைத்து அனுப்பியது. அப்புறம் ஏதோ ஒரு கோர்ட்டில் அபராதம் கட்டினான். எந்தக் கோர்ட் என்று ஞாபகமில்லை. பயத்தில் ரசீதையும் கிழித்துப் போட்டுவிட்டான். வருடங்கள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்வி வந்தது. கவுண்டி கிளார்க்கிடம் கேட்டோம், "ரெக்கார்ட் இல்லை." டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் கேட்டோம், இல்லை. மாநிலப் போலீஸ் துறையான டி.பி.எஸ். தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தோம், இல்லை. தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, அழிஞ்சு போச்சுண்ணே, இல்லைன்னே எழுதிடலாம்" என்றான்.

நல்லவேளை எழுதவில்லை. எஃப்.பி.ஐ.யிடம் 18 டாலர் கட்டி, கைரேகை அனுப்பி, அவனுடைய சொந்தப் பதிவை வரவழைத்தோம். (நம்முடையதை மட்டும்தான் அப்படிக் கேட்க முடியும், அடுத்தவருடையதைக் கேட்க முடியாது.) அதில் கைதான தேதி பளிச்சென்று இருந்தது. வழக்கு எப்படி முடிந்தது என்ற இடம் மட்டும் காலி. குடியுரிமை அதிகாரி பார்க்கப் போவதும் அதே கைரேகைப் பதிவுதான். நடந்தது என்னவென்றால், கிளாஸ் பி என்று கைது செய்தார்கள். அரசுத் தரப்பு வக்கீல் அதைக் கிளாஸ் சி ஆகக் குறைத்து ஜே.பி.யிடம் அனுப்பிவிட்டார். ஆகவே கவுண்டி கிளார்க்கிடம் வழக்கு பதிவாகவே இல்லை. அந்தக் கிளார்க் அம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய அலமாரியில் இல்லை, அவ்வளவுதான்.

ஜே.பி. அலுவலகத்தில் இருந்த பெண்மணி, "ஹனி, பிறந்த தேதி சொல்லு" என்று கேட்டுவிட்டு நாலே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். முத்திரை வைத்த சான்று நகல், சில டாலர்தான். கிளாஸ் சி காகிதங்களைச் சில வருடங்களுக்குப் பிறகு அழிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அழித்திருந்தால், "தேடினோம், பதிவு இப்போது இல்லை" என்று கோர்ட் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்க வேண்டும், அதுவும் ஒரு ஆவணம்தான். இதே நிலைமையில் இருப்பவர்கள் யாராவது படித்தால்: டெக்சாஸ் சட்டத்தில் டிஃபர்டு அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் வழக்கை முடித்துவிடும் ஏற்பாடு) தண்டனை ஆகாது என்பார்கள், குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ள முடியும். நகலை வாங்கி நேராகக் குடியேற்ற வக்கீலிடம் போங்கள்.

சரி, உங்கள் குழந்தை விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த அம்மாவிடம் நேராகவே கேளுங்கள்: முழுப் பெயர், பிறந்த தேதி, முன்பு வேறு பெயர் இருந்ததா, கடந்த பத்து வருடங்களில் எந்தெந்த ஊரில் இருந்தீர்கள். இந்த நாட்டில் குழந்தையைப் பார்க்க வருபவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் வருவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெயர்தான் இதில் பெரிய தலைவலி. கிளார்க்கின் அட்டவணை பிரதிவாதியின் பெயர் வரிசையில் இருக்கும். இந்தப் பக்கம் ஸ்பானிஷ் குடும்பங்கள் அதிகம், அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் என்று இரண்டு வைத்திருப்பார்கள். போலீஸ்காரர் எதைக் கடைசிப் பெயராக எழுதினாரோ அதன்கீழ் வழக்கு போயிருக்கும். கல்யாணத்துக்கு முந்தைய பெயர் தனி. நமக்குப் புரியாத விஷயமா இது? என் டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர்தான் என் பெயராக இருக்கிறது. பத்து வருடமாக இங்கே எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாகத் தேடச் சொல்லுங்கள். பெயருக்கு இவ்வளவு என்று தேடும் கட்டணம் கேட்பார்கள், பெரிய தொகை இல்லை. நகல் பக்கத்துக்கு ஒரு டாலர் அளவில் இருக்கும். கார்டு வாங்குவார்களா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் ரொக்கம் அல்லது மணி ஆர்டர்தான்.

தேட வேண்டியது உங்கள் கவுண்டி மட்டுமல்ல. இங்கே கவுண்டி எல்லை என்பது ஒரு மாட்டு வேலி. வேலை ஒரு கவுண்டியில், சந்தை அடுத்ததில், சனிக்கிழமைக் குடி மூன்றாவதில். அவர் இருந்த ஊர்களும், பக்கத்தில் பெரிய ஊர் உள்ள கவுண்டியும் கட்டாயம். பெரிய கவுண்டிகளில் பலவற்றுக்கு வலைத்தளத்தில் இலவசத் தேடல் உண்டு, அது சுலபம். ஒன்றை மறக்காதீர்கள்: ஆன்லைனில் இருப்பது எந்த வருடத்திலிருந்து என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தையது மைக்ரோஃபிலிமிலோ தடித்த பேரேட்டிலோ தூங்கும்.

டி.பி.எஸ். தளத்தின் பொதுத் தேடலையும் செய்யுங்கள், செலவு ஒரு காப்பி விலைகூட வராது. ஆனால் அது தண்டனைகளையும் டிஃபர்டு அட்ஜுடிகேஷனையும்தான் பொதுமக்களுக்குக் காட்டும், அதுவும் கிளாஸ் பி-யும் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும். வழக்கு முடிந்து 30 நாளுக்குள் கிளார்க் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டே பேர் உட்கார்ந்து நிலப் பத்திரம், கல்யாண லைசென்ஸ், தேர்தல், வழக்கு எல்லாவற்றையும் பார்க்கும் அலுவலகத்தில் அது எப்படி நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கைரேகை எடுக்காமல் சம்மனில் முடிந்த வழக்கு என்றால், மாநிலப் பதிவில் ஒட்டிக்கொள்ள இடமே இருக்காது. பாலியல் குற்றவாளிகள் பட்டியலும் டி.பி.எஸ். தளத்திலேயே இலவசம், குழந்தை விஷயம் என்பதால் அதை முதலில் பாருங்கள்.

காகிதம் கையில் வந்தால் முதல் பக்கத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். முதல் பக்கம் குற்றச்சாட்டு, கடைசிப் பக்கம்தான் தீர்ப்பு. "டிஸ்மிஸ்டு" என்றால் தள்ளுபடி. "நோ பில்" என்றால் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) பார்த்துவிட்டு, வழக்குப் போட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டது. அந்தக் காசு வாங்கும் தளங்கள் செய்கிற அநியாயம் இங்கேதான். என் வீட்டு வேலி போட வந்த ஒருவரை, நானும் உங்களைப் போலவே ஒரு தளத்தில் பணம் கட்டித் தேடினேன். கொடூரமான தாக்குதல் வழக்கு என்று சிவப்பில் காட்டியது. கிளார்க்கிடம் போய்க் கோப்பைப் பார்த்தால் அதே பெயர், பிறந்த வருடம் பதினோரு வருடம் வித்தியாசம். வேறு ஆள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே ஒரு வாரம் கூச்சமாக இருந்தது.

முறையான பின்னணி நிறுவனம் மூலம் பார்ப்பது வேறு. வேலைக்கு ஆள் எடுக்க அப்படிச் செய்தால், மத்திய அரசின் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி அந்த அம்மாவின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். அதை வைத்து வேண்டாம் என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் முதலில் ரிப்போர்ட்டின் நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும். நீங்களே கோர்ட்டில் போய்ப் பார்த்தால் இந்தச் சட்டம் குறுக்கே வராது.

கோர்ட் நீக்க உத்தரவு போட்ட வழக்கும், பொதுப் பார்வையிலிருந்து மறைத்த வழக்கும், சிறார் வழக்கும் உங்களுக்குக் கிடைக்காது. கிளார்க் "இல்லை" என்பார். துருவாதீர்கள். இன்னொன்று, கவுன்டரில் நின்று பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட் (நம் ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி) என்று சட்டம் பேசாதீர்கள். அந்தச் சட்டம் கோர்ட் கோப்புகளுக்குப் பொருந்தாது, அவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். கவுண்டி போலீஸான ஷெரிஃப் அலுவலகத்துக்குத்தான் அது பொருந்தும். யாரை, எப்போது, எதற்குக் கைது செய்தார்கள் என்ற அடிப்படை விவரத்தை எழுதிக் கேட்டு வாங்கலாம்.

போன் செய்வது காலை பத்து மணி வாக்கில் நல்லது. பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை பல இடங்களில் கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். விசாரணை நாளாக இருந்தால் கிளார்க் கோர்ட்டுக்குள் இருப்பார். நான்கைந்து கவுண்டிகளுக்கு ஒரே டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் சுற்றி வருவதால் அந்த நாள் ஊருக்கு ஊர் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். கிளார்க் "இல்லை" என்று சொன்னால், "உங்களிடம் இல்லையா, வேறு யாரிடம் இருக்கக்கூடும்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். ஜே.பி. அலுவலகத்தின் நம்பரைத் தம்பிக்குக் கொடுத்ததே அந்தக் கவுண்டி கிளார்க் அம்மாதான், இரண்டாவது தடவை போனபோது.