தலை சீவினாலே வலிக்கிறதா? டாக்டர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஒன்றரை மாதமாக இரண்டு பொட்டிலும் தலைவலி. சீப்பு பட்டாலே வலிக்கிறது என்று தலை சீவ விடுவதில்லை, வலது பக்கம் சாய்ந்து படுக்கவும் முடியவில்லை. நீர் கோத்திருக்கும் என்று சுக்குப் பத்துப் போட்டோம், ஆவி பிடித்தோம், கண்ணாடியும் மாற்றியாயிற்று. கடை மாத்திரைக்கு இரண்டு நாள் கேட்கிறது, மறுபடி வந்துவிடுகிறது. மூளையில் கட்டியாக இருக்குமோ? ஸ்கேன் எடுக்கலாமா?
- வாசகி, காரிமங்கலம்

பதில்: ஸ்கேன் அப்புறம் இருக்கட்டும். தோலைத் தொட்டாலே வலிப்பது பொதுவாக மூளைக் கட்டியின் குணம் இல்லை. இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக்கு, அம்மாவைப் பொது மருத்துவரிடம் கூட்டிப் போய், உடம்புக்குள் வீக்கம் இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காரணம் இதுதான். 50 வயதுக்கு மேல் புதிதாக ஒரு தலைவலி வந்து, கூடவே மண்டைத் தோலும் வலித்தால், ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற நோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பொட்டில் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயின் சுவர் வீங்கிப்போகிறது. விரலால் தடவினால் சிலருக்குத் தடித்துத் தட்டுப்படும். வட ஐரோப்பா அளவுக்கு நம் நாட்டில் இது இல்லைதான், ஆனால் அரிது என்பதாலேயே யாருக்கும் நினைவுக்கு வராமல் நாள் ஓடிவிடுகிறது. இதே வீக்கம் கண் நரம்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிட்டால் பார்வை போய்விடும், போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் சில நாட்களிலேயே அடுத்த கண்ணும் போகலாம்.

மெல்லும்போது அம்மாவுக்குத் தாடை வலிக்கிறதா? இந்த நோயின் முக்கியமான அடையாளம் இது: கொஞ்ச நேரம் மென்றால் தாடை அசந்து வலிக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்களிடம் "சாப்பிடும்போது வலிக்கிறதா" என்று கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும். களியை யார் மெல்லுகிறார்கள்? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதோடு சரி. அதனால் கறி, முறுக்கு, வெற்றிலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழக்கமாக வெற்றிலை போடுகிறவர் இப்போது பாதியிலேயே துப்பிவிடுகிறார் என்றால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, காலையில் எழுந்ததும் இரண்டு தோளும் இடுப்பும் இறுகிப்போய், கையைத் தூக்கிக் கொண்டை போட முடியாமல் இருக்கிறாரா? இது அதே நோயோடு அடிக்கடி சேர்ந்து வரும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் இப்படி வந்தால் உடனே தண்ணீர் மேல் பழி போட்டுவிடுவோம். போர் தண்ணீரில் புளூரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் உண்மைதான், ஆனால் புளூரைடு எலும்பைப் பிடிக்க வருடக்கணக்காகும். சில வாரங்களில் வந்த இறுக்கத்துக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

அந்தக் கடை மாத்திரையை நிறுத்துங்கள். பெயர் இல்லாமல் பொட்டலமாகக் கொடுப்பதில் சில சமயம் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அதுதான் இரண்டு நாள் சுகம், அதனாலேயே ரத்தப் பரிசோதனையும் சரியாகக் காட்டாமல் போகலாம். இந்த நோய்க்கு மருந்தும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு அதிகம், ஒரு வருடத்துக்கு மேலும் போகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். சந்தேகம் பலமாக இருந்தால் பொட்டு ரத்தக்குழாயின் பயாப்சி (சின்னத் துண்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அது சரிதான், பயப்பட வேண்டாம்.

பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, திரை விழுந்த மாதிரி இருப்பது, இதில் எது வந்தாலும் இரவு என்றுகூடப் பார்க்காமல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் நல்லது, அப்புறம் கழுத்து, பல், சைனஸ் என்று நிதானமாகத் தேடலாம்.

கேள்வி: வயது 29. ஓசூர் சிப்காட்டில் வேலை, தினமும் ஒரு மணி நேரம் பைக். தலை முழுக்கப் பட்டை கட்டி இறுக்கின மாதிரி வலி, உச்சந்தலையை அமுக்கினாலும் வலிக்கிறது. நாலு மாதமாகத் தினம் ஒரு வலி மாத்திரை போடுகிறேன். ஹெல்மெட்தான் காரணமா?
- வாசகர், சூளகிரி

பதில்: ஹெல்மெட்டால் வரும் வலி, கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அப்படி அடங்கினால் சரியான சைஸ் வாங்குங்கள், போடாமல் மட்டும் போகாதீர்கள். கழற்றிய பிறகும் இருந்தால் டென்ஷன் தலைவலியாக இருக்கலாம். ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுவதும், நாள் முழுக்க மெஷின் முன்னால் கழுத்தைக் குனிந்து நிற்பதும் அதற்குப் போதும். ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டி, வெளிச்சம் பார்க்க முடியாமல், அந்த நேரத்தில் மட்டும் முடியைத் தொட்டால் வலித்தால் அது மைக்ரேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நிறுத்தினால் முதலில் சில நாள் வலி கூடும், அதைத் தாண்ட மருத்துவர் துணை வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வலது பக்க நெற்றியும் மண்டையும் மூன்று நாளாக எரிச்சல். இன்று காலை கொப்புளம் வந்திருக்கிறது. அக்கி எழுதினால் போதுமா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: அக்கிதான் போலிருக்கிறது, கொப்புளத்துக்கு முன்னாலேயே தோல் வலிப்பது வழக்கம். ஆனால் காவியில் எழுதினால் போதாது, சின்னம்மை வைரஸ் உடம்பில் தங்கியிருந்து மறுபடி கிளம்புவதுதான் அக்கி. அதற்கான மாத்திரையைக் கொப்புளம் வந்த மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், அதனால் இன்றைக்கே போங்கள். கொப்புளத்தின் மேல் மண்ணோ காவியோ பட வேண்டாம். மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தாலோ கண் சிவந்தாலோ கண் மருத்துவரையும் இன்றே பாருங்கள்.