செபமே வராத நேரத்துல ஆண்டவரை எப்படி நம்புறது?

கேள்வியில இப்படி எழுதியிருந்தீங்க: "நான் கத்தோலிக்கர். வீட்டுல ஒன்னு மேல ஒன்னா கஷ்டம். எல்லாரும் ஆண்டவரை நம்புனு சொல்றாங்க, ஆனா முழங்கால் போட்டா ஒரு வார்த்தை கூட வரமாட்டேங்குது. என் விசுவாசம் போயிருச்சா?"

போகலங்க. அதை முதல்ல சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். நீங்க எந்த ஊருனு தெரியாது, ஆனா எழுதியிருக்கற விதத்தைப் பாத்தா வீட்டுல யாருக்கோ உடம்பு முடியல, கையில காசு இல்ல, பிள்ளைங்க முன்னாடி அழவும் முடியலைனு தோணுது. அப்படித்தான் வச்சுக்கிட்டு எழுதறேன். மேல பதில் போட்டவங்க நிறைய பேரு "முழு மனசோட நம்பினா எல்லாம் மாறிடும்"னு சொல்லியிருக்காங்க. முழு மனசு இருந்தா நீங்க ஏன் இந்தக் கேள்வியக் கேக்கப் போறீங்க? அதனாலதான் நான் எழுத உக்காந்தேன்.

நான் சிஸ்டர் இல்ல, இறையியல் படிச்சவளும் இல்ல. மலேசியாவுல, பினாங்கு மாநிலத்து பட்டர்வொர்த்துல இருக்கேன், பக்கத்துல பிறையில ஒரு ஃபேக்டரியில ஆபரேட்டர் வேலை. படிச்சவங்க இதுல ஏதாவது பிழை கண்டா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா நடந்தது என் வீட்டுல நடந்தது, அதுல யாரும் திருத்தம் போட முடியாது.

என் வீட்டுக்காரர் பினாங்குத் தீவுல பத்து ஃபிரிங்கிங்கற கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல்ல குக்கா இருந்தாரு. 2020 மார்ச் 18 கோவிட்டுக்காக எம்சிஓனு நடமாட்டத் தடை போட்டாங்க, டூரிஸ்ட் யாரும் இல்ல, முதல்ல சம்பளமில்லா லீவு, அப்புறம் ஒரு லெட்டர், அவ்வளவுதான், அத்தனை வருச வேலை முடிஞ்சு போச்சு. ஈபிஎஃப்ல, அதான் தொழிலாளர் சேமநிதியில, ஐ-லெஸ்தாரினு மாசம் 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் எடுக்கலாம்னு விட்டாங்கல்ல, அதை எடுத்தோம். வீட்டு லோனுக்கு ஆறு மாசம் தவணை தள்ளி வச்சாங்க, அதுல கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்புறம் அவரு மோட்டார்ல சாப்பாடு டெலிவரி பண்ண ஆரம்பிச்சாரு. பெரிய கிச்சன்ல பத்துப் பேரை வச்சு வேலை வாங்கின மனுசன் மழையில நனைஞ்சு அடுத்தவன் சமைச்சத தூக்கிட்டுப் போறதப் பாத்து எனக்கு நெஞ்சு வலிக்கும், அவரு ஒன்னும் சொல்லமாட்டாரு. அப்பவும் நான் செபம் பண்ணிட்டுதான் இருந்தேன். கேட்டா கிடைக்கும்னு நம்பிக்கை இருந்துச்சு.

2021 ஜூன் 1 திரும்ப நாடு முழுக்க லாக்டவுன். அந்த மாசம் ஒரு நாள் விடியக்காலையில அவருக்கு எழுந்திரிக்க முடியல, வாய் கோணிருச்சு, இடது கையும் காலும் துவண்டு போச்சு. ஸ்ட்ரோக். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை ஸ்ட்ரோக் ஆரம்பிச்ச நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம், ஆனா தூக்கத்துல வந்ததால எத்தனை மணிக்கு வந்துச்சுனே யாருக்கும் தெரியல, அதனால அந்த ஊசி போட முடியாதுனு டாக்டர் சொன்னாரு. கோவிட் நேரம், வார்டுக்குள்ள யாரையும் விடல. ஆஸ்பத்திரி வாசல்லயே அவரோட செருப்பையும் சட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு என் கையில குடுத்து வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்து திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால முழங்கால் போட்டேன். ஒன்னும் வரல. அழுகையும் வரல, கோவமும் வரல. "ஆண்டவரே"னு ஆரம்பிச்சா அதுக்கு மேல சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கல. கோயிலும் அடைச்சிருந்துச்சு, பூசை எல்லாம் ஃபோன்ல ஓடும், நான் போட்டுட்டு பாக்கமாட்டேன். நீங்க எழுதியிருக்கறது எனக்குத் தெரியும்னு சொல்றது இதைத்தான்.

அப்பதான் எங்க அன்பியத்துல, அதான் அக்கம்பக்கத்து கத்தோலிக்கக் குடும்பங்க சேர்ந்து செபிக்கற குழுவுல, இருக்கற ஒரு அக்கா கூப்பிட்டாங்க. ராத்திரி எட்டரைக்கு வாட்ஸ்அப்ல செபமாலை சொல்றோம், நீயும் வாம்மானு. என்னால செபம் சொல்ல முடியலக்கா, வாய் வரமாட்டேங்குதுன்னேன். அவங்க ஆறுதல் சொல்லல, வசனம் சொல்லல. "நீ ஒன்னும் சொல்ல வேணாம். ஃபோனை மேசையில வச்சிரு. நாங்க சொல்றோம், உனக்கும் சேத்து"னாங்க.

வச்சேன். தினமும் எட்டரைக்கு ஃபோன் மேசையில இருக்கும், நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், சில நாள் மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பேன். லைன் சரியா இருக்காது, ஒருத்தர் "அருள் நிறைந்த"னு ஆரம்பிக்கறப்ப இன்னொருத்தர் "ஆமென்"ல இருப்பாங்க, யாரு வீட்டுலயோ டிவி ஓடும், ஒரு குழந்தை கத்தும். செபக் கருத்துக்கு, அதாவது யாருக்காக வேண்டிக்கறோம்னு சொல்ற இடத்துல, என் வீட்டுக்காரர் பேரை ஒவ்வொரு நாளும் சொல்வாங்க, ஒரு நாள் கூட விடல. எத்தனை வாரம் அப்படி ஓடுச்சுனு நான் எண்ணல. ஒரு நாள் "பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக"னு அவங்க சொல்றப்ப என் வாயும் சேர்ந்து சொல்லிக்கிட்டிருந்துச்சு. எப்ப ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து நல்ல செய்தி ஒன்னும் வரல, யாரும் அதிசயம்னு நினைச்சுக்காதீங்க.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். கத்தோலிக்க விசுவாசம் ஒருத்தர் தனியா தூக்கற விசயமே இல்ல. மாற்கு நற்செய்தி ரெண்டாம் அதிகாரத்துல முடக்குவாதக்காரனை நாலு பேரு தூக்கிட்டு வந்து, கூட்டத்துல நுழைய முடியாம கூரையைப் பிரிச்சு கீழ இறக்கறாங்கல்ல? அங்க இயேசு "அவர்களுடைய நம்பிக்கையை"க் கண்டுனுதான் எழுதியிருக்கு. படுத்திருந்தவன் வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதாவே இல்ல. சின்ன வயசுல இருந்து கேட்ட வாசகம், என் வீட்டுக்காரரு அதே மாதிரி விழுந்த பிறகுதான் அந்த நாலு பேரு மேல எனக்குக் கண்ணு போச்சு. பூசையிலயும் சமாதானம் சொல்றதுக்கு முன்னாடி ஃபாதர் எங்க பாவத்தைப் பாக்காம உம்ம திருச்சபையோட நம்பிக்கையைப் பாரும்னுதானே மன்றாடறாரு? என் நம்பிக்கையைப் பாரும்னு சொல்லல. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கறோமே, அதுக்கு என்ன நம்பிக்கை இருக்கும்? திருச்சபையோட நம்பிக்கையில குடுக்கறோம். அப்ப பெரியவங்களான பிறகு மட்டும் எல்லாத்தையும் நம்ம நெஞ்சுக்குள்ளயே தேடணும்னு யாரு சொன்னா?

"மனப்பாட செபம் உதட்டுல வர்றது, அதுல என்ன இருக்கு"னு சிலர் கேப்பீங்க. எங்க ஃபேக்டரியிலயே வேற சபைக்குப் போற ஒரு தங்கச்சி கேட்டுச்சு, நல்ல பிள்ளை, அதை நான் குறை சொல்லல. மத்தேயு 6ல பிதற்ற வேண்டாம்னு இருக்குன்னுச்சு. இருக்கு. அதே மத்தேயு 26ல கெத்சமனித் தோட்டத்துல இயேசு மூனாவது தடவையும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் செபிச்சாருனும் இருக்கு. சிலுவையில "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு கத்தினது 22ஆம் திருப்பாடலோட முதல் வரி. "உம்முடைய கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்"ங்கறதும் 31ஆம் திருப்பாடல்ல ஏற்கெனவே இருக்கற வரி. ஆண்டவரே சாகற நேரத்துல அவங்க ஊரு ஜனங்க காலங்காலமா பாடிட்டு வந்த செபத்தைத்தான் எடுத்து சொன்னாரு. நமக்கு சொந்தமா வார்த்தை வரலைன்னா அதுல வெக்கப்பட என்ன இருக்கு?

ஒன்னும் உணர முடியலையேனு பயப்படறீங்கன்னா, அன்னை தெரசாவை நினைச்சுப் பாருங்க. அவங்க ஃபாதர்மாருக்கு எழுதின கடிதங்கள் 2007ல புத்தகமா வந்தப்பதான் பல பேருக்குத் தெரிஞ்சுச்சு, பல வருசமா உள்ளுக்குள்ள ஒரே இருட்டு, ஆண்டவர் இருக்கற மாதிரியே தெரியலைனு எழுதியிருக்காங்க. அப்படியிருந்தும் விடியக்காலையில எழுந்து பூசைக்குப் போயிருக்காங்க, ரோட்டுல கிடந்தவங்களத் தூக்கியிருக்காங்க. 2016ல திருச்சபை அவங்களைப் புனிதர்னு அறிவிச்சுச்சு.

இன்னொரு ரகம் இருக்காங்க, அவங்களைப் பத்தி சொல்லாம விட முடியல. ஒரு செபக் கூட்டத்து ஆள் எனக்கு ஃபோன் பண்ணி, உங்க குடும்பத்துல அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு, அதான் அடிமேல அடினு சொன்னாங்க. புருசன் வார்டுல கிடக்கறப்ப! யோவான் 9ல சீடர்கள் இதே கேள்வியத்தான் கேட்டாங்க, பார்வையில்லாம பிறந்தது இவன் செஞ்ச பாவமா இவனைப் பெத்தவங்க செஞ்ச பாவமானு. ரெண்டுமே இல்லன்னு இயேசு சொல்லிட்டாரு. உங்ககிட்டயும் யாராவது அப்படி வந்து சொன்னா ஃபோனை வச்சிடுங்க, அது பாவமில்ல.

அதே 2021 ஜூன் கடைசியில நாடு முழுக்க வெள்ளைக் கொடி கட்டினாங்க, ஞாபகம் இருக்கா? சாப்பாட்டுக்கு இல்லாதவங்க வீட்டு வாசல்ல வெள்ளைத்துணி தொங்க விட்டா அக்கம்பக்கத்துல இருந்து குடுப்பாங்க. நாங்க கட்டல, மாமியாருக்கு மனசு வரல. ஆனா கீழ்வீட்டு மக்சிக், அதான் மலாய்க்கார அம்மா, கொடி பாத்தா வந்தாங்க? ஒரு பை அரிசி, முட்டை, மைலோ, கதவுல மாட்டிட்டு மணி அடிச்சிட்டுப் போயிட்டாங்க. எங்க கோயில் பங்குல இருந்து, ஏழைங்களுக்கு உதவற வின்சென்ட் தே பால் சபைக்காரங்களும் சாமான் கொண்டு வந்தாங்க, கேள்வி கேக்கல, ஃபோட்டோ எடுக்கல. 1833ல பாரிஸ்ல ஓசானாம்னு இருபது வயசு காலேஜ் பையன் கூட்டாளிங்களோட சேர்ந்து ஆரம்பிச்ச சபை அது, இன்னைக்கு பட்டர்வொர்த் ஃபிளாட்ல மூனாவது மாடி ஏறி வருது. நம்புனு வாயால சொல்றவங்களை விட அரிசி கொண்டு வந்தவங்களாலதான் நான் நம்பினேன். யாக்கோபு எழுதினதும் அதேதான், பசியில இருக்கறவனைப் பாத்து சமாதானமா போய் வானு மட்டும் சொன்னா என்ன பிரயோஜனம்னு.

இந்த இடத்துல ஒன்னு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லைன்னாலும் பரவால்ல. எங்க பக்கம் ஒரு பங்குல தமிழ்ப் பூசையைக் குறைச்சுக்கிட்டே வர்றாங்க, இருக்கறதையும் யாருக்கும் தோதில்லாத நேரத்துக்குத் தள்ளிட்டாங்க, கேட்டா கூட்டம் வரல, இளையோர் எல்லாம் இங்கிலீஷ் பூசைக்குப் போயிட்டாங்கனு பதில். நேரத்தை மாத்தினா கூட்டம் எப்படி வரும்? மறைக்கல்வியும் இங்கிலீஷ்தான். இங்கிலீஷ் மேல எனக்கு வெறுப்பில்ல, சீனர், யுரேசியர், கடாசான்னு எல்லாரும் சேர்ந்து கும்பிடற இடம், அந்த அழகு எனக்கும் பிடிக்கும். ஆனா அப்பாவுக்காக அத்தனை பேரும் தமிழ்ல செபமாலை சொல்லிக்கிட்டிருக்கறப்ப என் மகனுக்கு அதுல பாதி வாய்ல வரல, ஒதுங்கி உக்காந்திருந்தான். கஷ்டகாலத்துல தூக்கிப் பிடிக்கிற செபம் சின்ன வயசுலயே நாக்குல ஏறியிருக்கணும். அதை எங்க பிள்ளைங்ககிட்ட இருந்து எடுத்துட்டா நாளைக்கு அவங்க விழறப்ப எதைப் பிடிப்பாங்க? பங்குப் பேரவையில இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா யோசிங்க.

இப்ப அவரு கைத்தடி வச்சு நடக்கறாரு, இடது கை முழுசா வரல, திரும்ப கிச்சனுக்குப் போக முடியாது. சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பென்ஷன் வருது, நான் ஷிஃப்ட் போறேன், கஷ்டம் தீரல. அந்த வருசம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு என்னால போக முடியல, இப்ப ஜூலை மாசம் நவநாளுக்கு அவரைக் கூட்டிட்டுப் போறேன், கூட்டத்துல தெரியாத பிள்ளைங்க கூட அவரு கையைப் பிடிச்சு படி ஏத்தி விடுது. ஏன் இப்படி செஞ்சீர்னு ஆண்டவர்கிட்ட இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், பதில் வரல, ஆனா கேக்கறதுக்கு இப்ப வாய் இருக்கு.

நீங்க இன்னைக்கு செபம் பண்ண முயற்சி பண்ணாதீங்க. உங்க பங்குல, அன்பியத்துல, யாராவது ஒரு வயசான அம்மாவைக் கூப்பிட்டு "எனக்கு முடியல, எனக்காக சொல்லுங்க"னு மட்டும் சொல்லுங்க. அப்படி யாரும் இல்லைன்னா கீழ கமெண்ட்ல போடுங்க, பேரு ஊரு வேணாம், "ஒரு குடும்பம்"னு எழுதினா போதும். எங்க செபமாலை இன்னும் எட்டரைக்குத்தான், மலேசிய நேரம், கருத்துல சேத்துடறேன்.