நீட்டிப்புக் காகிதம் எப்போது கைக்கு வர வேண்டும்?

கேள்வி: ஜெர்மனியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். இம்மாதம் 31-ஆம் தேதியோடு அது முடிகிறது. இன்னும் ஓராண்டு நீட்டிப்பதாகவும், சம்பளத்தைக் கூட்டித் தருவதாகவும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. "காகிதம் அடுத்த வாரம் வரும், ஒன்றாம் தேதி வழக்கம்போல் வாருங்கள்" என்கிறார்கள். போகலாமா?
- வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: போங்கள். இதில் சிக்கல் நிறுவனத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை.

அங்கே 2001 முதல் நடப்பில் உள்ள பகுதிநேர, குறித்தகால வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, ஏன் குறித்தகாலம் என்ற காரணம் காட்டாமல் மொத்தம் 2 ஆண்டு வரை குறித்தகால வேலை தரலாம். அந்த 2 ஆண்டுக்குள் 3 முறை நீட்டிக்கலாம். ஆனால் பழைய ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே இரு தரப்பும் பேனாவால் கையெழுத்திட்டிருக்க வேண்டும். சான்றளிக்கப்பட்ட மின்கையொப்பமும் செல்லும். மின்னஞ்சலும், கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டிய பி.டி.எஃப்.பும் செல்லாது. ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அது நீட்டிப்பு ஆகாது. நிறுவனத்துக்குத் தெரிந்தே நீங்கள் ஒன்றாம் தேதி வேலையைத் தொடர்ந்து, அவர்கள் உடனே மறுக்காவிட்டால், பொதுவாக வேலை நிரந்தரமாகிவிடும்.

சம்பள உயர்விலும் ஒரு விஷயம் இருக்கிறது. நீட்டிப்பு என்றால் முடியும் தேதி மட்டுமே மாற வேண்டும். அதே காகிதத்தில் சம்பளத்தையோ வேலை நேரத்தையோ மாற்றினால், அதைப் புது ஒப்பந்தமாகவே ஜெர்மன் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. உங்களுக்குச் சாதகமான மாற்றமானாலும் அப்படித்தான். அதே நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை பார்த்தவரோடு காரணமில்லாத புதுக் குறித்தகால ஒப்பந்தம் போட முடியாது என்பதால் கால வரம்பு செல்லாமல் போகும், வேலை நிரந்தரமாகும். தொழிற்சங்கம் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி உங்களுக்கு உரிமையாக வர வேண்டிய உயர்வுக்கு இந்தத் தடை இல்லை.

காகிதம் தாமதமாக வந்தால் முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மையான தேதியை எழுதுங்கள், மின்னஞ்சல்களையும் வேலைநேரப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். நிரந்தர வேலை என்ற இந்த உரிமை தானாகக் கைக்கு வராது: ஒப்பந்தத்தில் எழுதிய முடிவுத் தேதியிலிருந்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு தவறினால், கால வரம்பு எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும் செல்லுபடியாகிவிடும். நல்ல வழக்குகள் பலவும் இங்கேதான் தோற்கின்றன. இன்னொன்று: ஒப்பந்தத்தில் காரணம் எழுதாவிட்டாலும், விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாள் என்பது போன்ற உண்மைக் காரணம் இருந்தால், நிறுவனம் அதை நீதிமன்றத்தில் காட்டலாம். தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ இப்போதே காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் ப்ளூ கார்டும் (தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை, வசிப்பு அனுமதி) ஒப்பந்தத்தோடு முடியுமா?
- வாசகி, மியூனிக்

பதில்: 4 ஆண்டுக்குக் குறைவான ஒப்பந்தம் என்றால் அதன் காலத்தோடு 3 மாதம் சேர்த்து ப்ளூ கார்டு தருவார்கள். அட்டையிலுள்ள தேதி முடிவதற்குள் கையெழுத்தான நீட்டிப்போடு வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடரும். நீட்டிப்பு கைக்கு வராதவரை, ஒப்பந்தம் முடிய 3 மாதம் இருக்கும்போதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதியுங்கள். தாமதித்தால் வேலையில்லாக் காலப் பணம் ஒரு வாரத்துக்கு நிறுத்தப்படும்.

கேள்வி: கர்ப்பமாக இருந்தால் ஒப்பந்தம் தானாக நீளுமா?
- வாசகி, ஃபிராங்ஃபர்ட்

பதில்: நீளாது. கர்ப்பகாலப் பாதுகாப்பு பணிநீக்கத்தைத்தான் தடுக்கும். குறித்த தேதியில் ஒப்பந்தம் முடிவதைத் தடுக்காது. ஆனால், கர்ப்பம் என்பதற்காகவே நீட்டிக்க மறுத்தார்கள் என்று காட்ட முடிந்தால், பாகுபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். அதற்கு மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும்.