கண்ணாடி உடைந்த காருக்கு க்ளெய்ம் போடலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கீழே ஒரு கார் நிறுத்தத்தான் இடம். அதில் ஹவுஸ் ஓனர் கார் நிற்கும், என் கார் தெருவில். போன சனிக்கிழமை இரவு யாரோ பின்பக்க இடது கண்ணாடியை உடைத்து, சீட்டில் இருந்த பையை எடுத்துப் போய்விட்டார்கள். பையில் என் லேப்டாப், ஒரு கிரெடிட் கார்டு, செக் புக். போகிற போக்கில் இரண்டு கதவிலும் நீளமாகக் கீறியும் வைத்திருக்கிறார்கள். 1,200 சிசி கார், முழு இன்ஷூரன்ஸ் உண்டு, மூன்று வருடமாக க்ளெய்ம் எதுவும் வாங்கியதில்லை. ஒர்க் ஷாப்பில் 14,500 ரூபாய் சொல்கிறார்கள். மூன்று மாதம் முன்பு பம்பரில் விழுந்த நசுங்கலையும் இதிலேயே சேர்த்து க்ளெய்ம் போட்டுவிடலாம் என்கிறார் அங்கிருக்கும் சூப்பர்வைசர். லேப்டாப்புக்கு இன்னும் ஐந்து மாத இ.எம்.ஐ. பாக்கி. என்ன செய்வது?

பதில்: கணக்கை அப்புறம் பார்ப்போம். கார்டை பிளாக் செய்துவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டேப் செய்யும் வசதி ஆன் ஆகியிருந்தால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலே போகும். செக் புக்குக்கும் இன்றே ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள், மீதியிருந்த தாள்களின் எண்களைச் சொல்லி. பிறகு ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகார் வாங்கிக்கொண்டதற்கான ரசீதுதான் தருவார்கள். இது திருட்டு என்பதால் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள், நகல் இலவசம். க்ளெய்ம் போடாவிட்டாலும் இந்தக் காகிதம் தேவைப்படும். நாளைக்கு உங்கள் செக் ஒன்று எங்காவது தலைகாட்டினால் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது கார். உங்களுடையது முழு பாலிசி. அதன் ஓன் டேமேஜ் பகுதியில், அதாவது உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான பகுதியில், திருட்டு முயற்சியும் வேண்டுமென்றே செய்த நாசமும் அடங்கும். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பைசா கிடைக்காது. ஆக, கிடைக்குமா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். வாங்கினால் கட்டுப்படியாகுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம். கண்ணாடியும் பொருத்தும் கூலியும் 4,700, ரப்பர் பீடிங் 800, இரண்டு கதவுக்கு பெயிண்டிங் 9,000 என்று வைத்துக்கொள்கிறேன். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ரப்பருக்குப் பாதி போய்விடும், 400. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்ட் விலை என்று கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,125. ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையிலிருந்து போடவேண்டிய கட்டாயக் கழிவு, 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000. இவை போக உங்களுக்கு வருவது 11,975.

நல்ல தொகைதானே என்று தோன்றும். அடுத்த பக்கத்தையும் பாருங்கள். மூன்று வருடம் க்ளெய்ம் இல்லாததால் இப்போது உங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 35 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், கிடைத்துக்கொண்டிருக்கும். சும்மா இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் 45, அதற்கப்புறம் வருடா வருடம் 50. க்ளெய்ம் வாங்கினால் மறுபடி 0, 20, 25, 35, 45 என்று கீழிருந்து ஏற வேண்டும். ஐந்து வருட வித்தியாசத்தைக் கூட்டுங்கள்: 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம். போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்றால் 9,600 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 11,328. கார் பழசாக ஆக ஐ.டி.வி., அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு, குறையும், பிரீமியமும் இறங்கும் என்பதால் பத்தாயிரம் என்றே வையுங்கள். 11,975 வாங்கி பத்தாயிரத்தைத் தவணையில் திருப்பிக் கட்டுவதற்கு, ஆபீஸுக்கு லீவு போட்டு, சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயருக்காக அலைய வேண்டுமா? நான் அலைய மாட்டேன்.

உங்கள் பாலிசியை எடுத்து ஓன் டேமேஜ் பிரீமியம் எவ்வளவு என்று பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். போனஸைக் காக்கும் ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்ப்பது) ஏற்கெனவே இருந்தால் கதையே வேறு, தயங்காமல் வாங்குங்கள். தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் மட்டும் இருந்தால் 13,500 வரும். அப்போதும் மூவாயிரம் சொச்சம்தான் லாபம். இதே பில் இருபத்தைந்தாயிரம் என்றிருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். முடிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நடந்ததை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை.

கைக்காசு போடுவதென்றால் கண்ணாடியை மட்டும் இப்போது மாற்றுங்கள். சீட் பெல்ட் பக்கிளுக்குள்ளும் கதவின் அடிப்பகுதியிலும் கண்ணாடித் துகள் விழுந்து கிடக்கும், வேக்யூம் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் நறநறக்கும். கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்காவிட்டால் பாலிஷிலேயே பெரும்பாலும் மறைந்துவிடும், 9,000 மிச்சம். சிக்கினாலும், தகரம் வெளியே தெரியாதவரை பெயிண்டிங்குக்கு அவசரமில்லை.

சரி, அந்தப் பம்பர். சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்காதீர்கள். பில் பெருத்தால் அவருக்கு வருமானம், பொய் சொன்ன கையெழுத்து உங்களுடையது. மூன்று மாத நசுங்கலின் மடிப்பில் அழுக்கும் வாட்டர் வாஷ் நுரையும் காய்ந்து படிந்திருக்கும். சர்வேயர் தினமும் பத்து கார் பார்ப்பவர், குனிந்தாலே தெரிந்துவிடும். அது தனிச் சம்பவம், தனி க்ளெய்ம், கட்டாயக் கழிவும் தனி. பொய் என்று தெரிந்தால் பம்பரோடு கண்ணாடிக்கான பணமும் போய்விடும்.

லேப்டாப்புக்குக் கார் பாலிசியில் எதுவும் வராது. காரில் இருக்கும் உங்கள் பொருளுக்குத் தனி ஆட்-ஆன் வேண்டும். நிறையப் பேர் அதைக் கண்ணில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எடுக்கும் முன் லேப்டாப்புக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று வரம்பைப் படியுங்கள். லேப்டாப் வாங்கும்போது கடையில் பாதுகாப்புத் திட்டம் ஏதாவது தலையில் கட்டியிருந்தால் அந்த ரசீதைத் தேடுங்கள். சிலவற்றில் திருட்டும் உண்டு, ஆனால் எஃப்.ஐ.ஆர். கேட்பார்கள்.

இ.எம்.ஐ. மட்டும் நிற்காது. பொருள் போனது கடன் கொடுத்தவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஒரு மாதம் தவறினாலும் அபராதத்தோடு சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். அதுவும் காணாமல் போன அதே கார்டில்தான் ஓடுகிறது என்றால், கார்டை பிளாக் செய்தாலும் தவணை புது கார்டு எண்ணுக்கு மாறி வந்துகொண்டேதான் இருக்கும். புது கார்டு வந்ததும் முதல் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.