12 பார் என்று சொல்லி விற்ற கார் 8 பாரில் நிற்கிறது: திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். முல்லைத்தீவு நகருக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போக 53 கிலோமீற்றர், வர 53. ஏழு கிழமைக்கு முன் வவுனியாவில் ஒரு கார் சேலில் 2013ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று வாங்கினேன். பாதி என் சேமிப்பு, மீதி சம்பளத்தில் கழியும் வங்கிக் கடன். நாளாந்தம் போய்வரும் தூரத்தைச் சொல்லித்தான் கேட்டேன். அவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: “ஒருக்காச் சார்ஜ் போட்டா 160 சும்மா ஓடும் ரீச்சர். பற்றறி புதுசு மாதிரி, 12 பாரும் நிக்குது பாருங்கோ.” வாங்கிய அன்று மீற்றரில் பற்றறிக்கான 12 பார் கோடும் இருந்தது உண்மை. மூன்றாம் கிழமை 10, இப்போது 8. பின்னேரம் திரும்பி வரும்போது, மொத்தம் 78 கிலோமீற்றர் ஓடியதும், உடையார்கட்டுப் பக்கத்தில் மீற்றரில் ஆமைப் படம் வந்து கார் ஊரத் தொடங்குகிறது. இரண்டு தடவை லாண்ட்மாஸ்ரரில் கட்டி இழுத்து வந்தோம். கேட்டால், “பார்த்து, ஓடிப் பார்த்துத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்” என்கிறார். பொலிசுக்குப் போகலாமா? காரைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா? அதுவரை பாடசாலையில் சார்ஜ் போடலாமா?

பதில்: ரீச்சர், முதலில் கலண்டரைப் பாருங்கள். வாங்கி ஏழு கிழமை ஆகிவிட்டது. உங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கக்கூடிய நிவாரணம் ஒன்று உண்டு. அதற்கான வாசல் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்தில் மூடிவிடும். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது: வியாபாரி கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் என்றால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். “இன்னும் ஒரு கிழமை பாருங்கோ, பார் ஏறும்” என்று அவர் இழுத்தடித்தால், எதற்காக என்று இப்போது விளங்கும்.

சரி, எதை முறையிடுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “160 ஓடும் என்றார், 78தான் ஓடுகிறது” என்று எழுதினால், விசாரணையில் முதல் கேள்வியே உங்கள் பக்கம் திரும்பும். எந்த வேகத்தில் ஓடினீர்கள், ஏசி போட்டீர்களா, எத்தனை பேர் ஏறினீர்கள் என்று. ஓடும் தூரம் என்பது வளைந்து கொடுக்கிற எண். 2010 இறுதியில் வந்த முதல் லீஃபுக்கு ஜப்பானியச் சோதனை முறையில் 200 கிலோமீற்றர் என்று போட்டார்கள். அதே காருக்கு அமெரிக்க அரசின் சோதனை கொடுத்தது 73 மைல், அதாவது 117 கிலோமீற்றர். கார் ஒன்று, பற்றறி ஒன்று, எண் மட்டும் இரண்டு. பரந்தன் - முல்லைத்தீவு வீதி நேராகவும் வெறிச்சென்றும் கிடப்பதால் எல்லாரும் மிதிக்கிறோம். கச்சான் காலத்தில் குறுக்குக் காற்று வேறு. இதையெல்லாம் சொல்லித் தப்பிக்க அவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பற்றறியைப் பிடியுங்கள். லீஃபின் மீற்றரில் வலது ஓரத்தில் நிற்கும் அந்தச் சின்னப் பார்கள் சார்ஜைக் காட்டுபவை அல்ல, பற்றறியின் ஆயுளைக் காட்டுபவை. முதலாவது பார் போவதற்குள் கொள்ளளவில் ஏறக்குறைய 15 வீதம் போய்விடும். அதன் பின் ஒவ்வொரு பாருக்கும் 6 வீதத்துக்குச் சற்று மேல். நான்கு பார் போனால் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்று அர்த்தம். புதிதாக இருந்தபோது இந்தப் பற்றறியின் 24 யூனிற்றில் (கிலோவாற் மணியில்) ஓட்டத்துக்குக் கிடைத்தது சுமார் 21. இப்போது உங்களிடம் மிஞ்சியிருப்பது 14 அளவில். யூனிற்றுக்கு ஐந்தரை, ஆறு கிலோமீற்றர் என்று பெருக்கிப் பாருங்கள், நீங்கள் சொல்லும் 78 அப்படியே வரும். ஆக உங்கள் ஓட்டத்தில் பிழையில்லை. இன்னொன்றும் தெரிகிறது: புத்தம் புதுப் பற்றறியாக இருந்தாலும் இந்தக் கணக்கில் 125 அளவுதான். 160 “சும்மா” ஓடியிருக்காது.

ஒரு லீஃப் பற்றறி வெயிலில் வேகமாகத் தேயும் என்பது உண்மை. அதற்குத் தனியான குளிரூட்டல் இல்லை, வன்னி வெயிலும் லேசானதில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு தேய வருடக்கணக்காகும். ஏழு கிழமையில் தேயாது. 12 பாரும் நின்ற மீற்றர் சில கிழமைகளில் மளமளவென்று இறங்குகிறது என்றால், பெரும்பாலும் பற்றறியைக் கண்காணிக்கும் கணினியை யாரோ ரீசெற் பண்ணியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பார்கள் நிரம்பிக் காட்டும். பிறகு கார் ஓட ஓட, கணினி உண்மையைக் கற்றுக்கொண்டு பழைய இடத்துக்கே இறங்கும். பழைய லீஃப் விற்கும் உலகம் முழுக்க அறிந்த தந்திரம் இது. நானும் இதே வகைக் கார்தான் வைத்திருக்கிறேன். வாங்கும்போது பாரைப் பார்க்காமல், பற்றறியின் நிலையைக் கைபேசியில் காட்டும் லீஃப் ஸ்பை என்ற செயலியைத்தான் பார்த்தேன். அதிலும் சும்மா நம்பிவிட முடியாது, ரீசெற் பண்ணிய புதிதில் அதுவும் பொய் சொல்லும். முழுச் சார்ஜில் எடுத்து, பாதி வரைக்கும் ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே இந்தக் கிழமையே, மின்சாரக் கார் பார்க்கத் தெரிந்த ஒரு கராஜில் காரைக் கொடுத்து, அந்தச் செயலி காட்டும் பற்றறி ஆரோக்கிய வீதத்தையும் அம்பியர் மணியையும் எழுத்தில், திகதி, சேசி இலக்கம், ஓடிய கிலோமீற்றர், கையொப்பத்தோடு வாங்குங்கள். இரண்டு கிழமை கழித்து இன்னொரு தடவை. வாங்கிய அன்று எடுத்த படம் ஏதாவது கைபேசியில் இருக்கும். புதுக் கார் என்றால் சாமி கும்பிட்டு, தேசிக்காய் வைத்துப் படம் எடுக்காத ஆள் வன்னியில் இல்லை. மீற்றர் தெரியும் படம் ஒன்று கிடைத்தால் பொன். குரல் பதிவை அழிக்காதீர்கள், அந்தக் கைபேசியை விற்கவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் கீழ் இப்படிப்பட்ட பதிவுகள் சான்றாக ஏற்கப்படும். ஆனால் மூலப் பதிவு இருக்க வேண்டும்.

இப்போது சட்டம். நம் நாட்டில் பொருள் விற்பனைக்கு இன்றும் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான். மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம், ஆனாலும் உங்கள் லீஃபுக்குச் சரியாகப் பொருந்துகிறது. 14ஆம் பிரிவு: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். 15ஆம் பிரிவு: வாங்குபவர் தன் தேவையை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். “நாளுக்கு 106 கிலோமீற்றர் போய்வர வேண்டும்” என்று நீங்கள் சொன்னதும், அதற்கு அவர் அந்தக் குரல் பதிவில் பதில் சொன்னதும் இந்த இரண்டு பிரிவுகளுக்குள்ளும் வந்து விழுகின்றன. இன்னொரு வாசகர் எதுவும் சொல்லாமல், “ஒரு லீஃப் தாருங்கள்” என்று பெயரைச் சொல்லி வாங்கியிருந்தால் நான் இவ்வளவு தெம்பாக எழுதமாட்டேன். வர்த்தகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய பொருளுக்கு அந்த “தேவைக்கு ஏற்றது” என்ற பாதுகாப்பு கிடைக்காது.

“ரீசெற் பண்ணினது நான் இல்லை, எனக்கு வரும்போதே அப்படித்தான்” என்று அவர் சொல்வார். சொல்லட்டும். ஒப்பந்தச் சட்டத்தில் அது செல்லாது. அவர் அறிந்து சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. சொன்னதும் கொடுத்ததும் ஒத்துப்போகிறதா என்பதுதான். அதிகார சபைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகளும் வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதையும் தரத்தைப் பொய்யாகச் சொல்வதையும் தடுக்கின்றன.

பொலிஸ் விடயம் வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ கைமாற்றச் செய்வதற்கு ஏழு வருடம் வரை சிறை என்கிறது. அங்கே அவருடைய மனதை நிரூபிக்க வேண்டும். ரீசெற் அவர் கையால், அல்லது அவர் அறிய நடந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். அது உங்களிடம் இல்லை. பொலிசில் ஒரு பதிவு போட்டு வைப்பது தவறில்லை. பணம் வாங்கித் தரும் இடமாக மட்டும் அதை நினைக்காதீர்கள்.

அந்தக் கையெழுத்து? “பார்த்து, ஓடிப் பார்த்து, உள்ளபடியே ஏற்றுக்கொண்டேன்” என்பது கார் சேல்களில் அச்சடித்தே வைத்திருக்கும் வரி. அதற்குக் கொஞ்சம் பலம் உண்டு, மறைக்க மாட்டேன். பார்த்து வாங்கியவர், பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பற்றிப் பிறகு பேச முடியாது. கதவில் கீறல், தேய்ந்த ரயர் எல்லாம் அதில் அடங்கும். மீற்றரே பொய் சொன்னால் எந்தப் பார்வையில் தெரியும்? பொய்யான விவரத்தை அப்படி ஒரு வரி காப்பாற்றாது என்றுதான் நான் வாதாடுவேன்.

பற்றுச்சீட்டையும் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். கார் சேலின் பெயரில் இருக்கிறதா, பதிவுப் புத்தகத்தில் உள்ள பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறதா? பல இடங்களில் வேறு ஆட்களின் காரைத் தரகுக்கு நிறுத்தி விற்பார்கள். பிரச்சினை வந்ததும், “நான் இடையில் நின்றவன்” என்பார்கள். சீட்டு கார் சேலின் பெயரில் என்றால் அவர் வியாபாரிதான். பழையவர் பெயரில் என்றால் இருவரையும் முறைப்பாட்டில் சேருங்கள். உங்கள் பெயருக்கு மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் வைத்திருந்தால் அதையும் உடனே சரிசெய்யுங்கள். உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்திருக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். நீதிமன்றத்தில் அது இப்போது கடினம். ஏழு கிழமை சொந்தக் காராக ஓடிய பின் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள். அதன் பின் கேட்கக்கூடியது நட்டஈடு: சொன்னபடி 12 பார் பற்றறியோடு இருந்தால் என்ன விலை, இருக்கிறபடி என்ன விலை, அந்த வித்தியாசம். அதிகார சபைக்கோ, 13ஆம் பிரிவின் கீழ் நட்டஈடு கொடு, பொருளை மாற்று, பணத்தைத் திருப்பு என்று கட்டளையிடும் அதிகாரம் இருக்கிறது. அதனால்தான் முதலில் அங்கே போகச் சொல்கிறேன். மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் அவர்களின் அதிகாரியைக் காட்டுவார்கள், தொலைபேசி 1977. தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

அதற்கு முன்னோ கூடவோ, கார் சேலுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். குரல் பதிவின் திகதி, சொன்ன வார்த்தை, பார்கள் விழுந்த திகதிகள், கராஜ் அறிக்கை, 14 நாளுக்குள் காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவேண்டும், இல்லையென்றால் சமமான தரத்தில் பற்றறி மாற்றித் தரவேண்டும் என்ற கோரிக்கை, அவ்வளவு போதும். வசை வேண்டாம். கடிதம் போனபின் காரை அவசியத்துக்கு மட்டும் ஓடுங்கள். பார்க்கப்போனால் இப்படிப்பட்ட பிணக்குகள் பெரும்பாலும் பற்றறியிலோ விலைக் குறைப்பிலோதான் முடியும். நல்ல நிலையில் உள்ள பாவித்த பற்றறி ஒன்றை அவர் செலவில் போட்டுத் தர முன்வந்தால், அந்தப் பற்றறியின் அளவீட்டை ஓடிப் பார்த்து எழுத்தில் வாங்கிய பிறகு சம்மதிக்கலாம். ஒன்று மட்டும்: 24 யூனிற் பற்றறி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 106 கிலோமீற்றருக்கு மட்டுமட்டுத்தான்.

வழக்கு என்றால் அது வவுனியா மாவட்ட நீதிமன்றத்தில். எதிராளி இருக்குமிடம், ஒப்பந்தம் நடந்த இடம் இரண்டும் அங்கே. கோரும் தொகை சிறிதென்றால் நம்மூரில் இணக்க சபை என்று சொல்லும் மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டிவரும். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழிக்கு மூன்று, மோசடியால் வந்த நட்டத்துக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆகவே அதற்கு அவசரமில்லை. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு 75, 80 கிலோமீற்றர். வழக்குத் தவணைக்கு இந்தக் காரில் புறப்படாதீர்கள்.

வங்கிக் கடனை நிறுத்த நினைக்க வேண்டாம். அது வங்கியோடு நீங்கள் செய்த தனி ஒப்பந்தம்.

பாடசாலையில் சார்ஜ் போடுவது பற்றி. அரச பாடசாலை மின்சாரம் பொதுப் பணம். அதிபர் வாயால் சரி என்றாலும், யாரோ ஒருவர் பெட்டிசம் போட்டால் அவருக்கும் உங்களுக்கும் தலையிடி. வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதி, தனி மீற்றர், மாதாமாதம் கட்டியதற்குப் பற்றுச்சீட்டு, இந்த மூன்றும் இல்லாமல் செருகாதீர்கள். அதைவிடப் பாடசாலைக்குப் பக்கத்து வீடொன்றில் பேசி, காசு கொடுத்துப் போடுவது சுலபம். 15 அம்பியர் உருண்டைப் பிளக், நல்ல எர்த் இருக்கிறதா என்று மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்த பிறகு. காலை ஏழரைக்குப் போட்டால் இரண்டு மணிக்கு நீங்கள் வரும்போது திரும்பி வரப் போதுமான அளவு ஏறியிருக்கும். மர நிழலில் விடுங்கள்.