கட்டிங், ஃபில்லிங் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிவில் 3டி மென்பொருளில் சர்வே தரைக்கும் (இப்போது இருக்கும் நிலம்) டிசைன் தரைக்கும் (வேலை முடிந்தபின் வர வேண்டிய நிலம்) இடையே, வெட்டும் மண்ணான கட்டிங்குக்கும் நிரப்பும் மண்ணான ஃபில்லிங்குக்கும் வால்யூம் எடுத்தேன். மண்ணே தொடாத ஓரங்களில் நிறைய ஃபில்லிங் காட்டுகிறது. மொத்தத்தை நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது. முதலில் ஓரத்தைச் சரிசெய்யுங்கள். மென்பொருள் சர்வே புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்துத்தான் தரையை உருவாக்குகிறது. எல்லைக்கோடு கொடுக்காவிட்டால் வெளிப்புள்ளிகளையும் நீள நீளமான முக்கோணங்களால் சேர்த்துவிடும். ‘ட’ வடிவ மனை என்றால் உள்மூலையில் அளக்காத இடமெல்லாம் தரையாகிவிடும். இரண்டு தரைகளுக்கும் ஒரே அவுட்டர் பவுண்டரியை, அதாவது வெளி எல்லைக்கோட்டைக் கொடுங்கள். 10 மீட்டர் கட்டத்தில் அளந்திருந்தால் கட்டத்தின் மூலைவிட்டமே 14.1 மீட்டர், ஆகவே முக்கோணப் பக்கத்தின் உச்ச நீளத்தை 20 மீட்டர் அளவில் கட்டுப்படுத்தினால் தேவையான முக்கோணங்கள் தங்கும், தவறான நீள முக்கோணங்கள் போய்விடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கண்ணில் படாததால் அதுதான் அதிக ஆபத்து. இரண்டு தரைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மட்டுமே வால்யூம் கணக்காகும். டிசைன் சரிவின் அடி சர்வே எல்லையைத் தாண்டிப் போனால், அந்தப் பகுதி மண் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விடுபடும். வால்யூம் தரையின் பண்புகளில் காட்டும் சமதளப் பரப்பை, வேலை எல்லைக்கோட்டின் பரப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாதவரை கன மீட்டரைப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்து, லெவல் இல்லாமல் பூஜ்யமாக நுழைந்த புள்ளிகளைத் தேடுங்கள். தரை 100 மீட்டர் மட்டத்தில் இருக்கிறது, நடுவில் ஒரே ஒரு பூஜ்யப் புள்ளி, அதைச் சுற்றிய முக்கோணங்களின் பரப்பு 200 சதுர மீட்டர் என்று வையுங்கள். தலைகீழ்க் கூம்பாக 200 × 100 ÷ 3, அதாவது சுமார் 6,667 கன மீட்டர் பள்ளம் உருவாகும். அதுவும் சர்வே தரையில் இருந்தால் அத்தனையும் ஃபில்லிங்காக வந்து நிற்கும். குறிப்பிட்ட லெவலுக்குக் கீழே உள்ள புள்ளிகளை விலக்கும் வசதி தரையின் பில்டு அமைப்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது, பிரேக்லைன்; சரிவு மாறும் விளிம்பை முக்கோணங்கள் வெட்டிக் கடக்காதபடி போடும் கோடு. 1.5 மீட்டர் உயரம், 2 மீட்டர் மேலகலம், 1.5-க்கு 1 சரிவு (கிடையாக 1.5, உயரத்தில் 1) உள்ள கரையின் அடியகலம் 6.5 மீட்டர், குறுக்குப் பரப்பு 6.375 சதுர மீட்டர். 100 மீட்டர் நீளத்துக்கு 637 கன மீட்டருக்கு மேல். மேல்விளிம்புப் புள்ளிகள் 20 மீட்டர் இடைவெளியிலும், அடிப்புள்ளிகள் அவற்றுக்கு முன்பின்னாகவும் விழுந்திருந்தால், முக்கோணம் ஓர் அடியிலிருந்து மறு அடிக்குக் கரையை ஊடுருவிப் பாயும். கரை அங்கங்கே அறுந்து, தொடர் மேடுகளாகத் தெரியும். மேல்விளிம்பு, அடி, வாய்க்கால் தரை எல்லாவற்றுக்கும் தனித்தனி பிரேக்லைன் போடுங்கள். முப்பரிமாணப் பார்வையில் சுற்றிப் பார்த்தால் இந்தத் தவறு உடனே கண்ணில் படும்.

கேள்வி: வால்யூம் எடுக்க மென்பொருள் கேட்கும் பேஸ் தரை எது, அதோடு ஒப்பிடும் கம்பாரிசன் தரை எது? சாலையின் முடிவு மட்டத்தைக் கொடுத்தால் போதுமா?

பதில்: இருக்கும் தரை பேஸ், டிசைன் தரை கம்பாரிசன். மாற்றிக் கொடுத்தால் கட்டிங்கும் ஃபில்லிங்கும் இடம் மாறும். முடிவு மட்டம் கூடாது. தளக்கட்டுமானத்துக்கு, அதாவது சாலையின் மேல் அடுக்குகளுக்கு அடியில் உள்ள மண் மட்டம்தான் வேண்டும். 45 செ.மீ. கனமான தளத்தை மறந்தால் ஒரு ஹெக்டேருக்கு 4,500 கன மீட்டர் தவறும்.

மேல்மண் உரிப்பதையும் தனியாக வையுங்கள். சர்வே தரையைப் பிரதியெடுத்து, அதை 15 செ.மீ. தாழ்த்தி, வேலை எல்லைக்குள் மட்டும் அதையே பேஸாகக் கொள்ளுங்கள். உரித்த 15 செ.மீ. தனி வரி, அதை ஃபில்லிங்குக்கு எடுக்கக் கூடாது.

கேள்வி: குறுக்குவெட்டு முறையில் வந்த கணக்கும் மென்பொருள் கணக்கும் 8 சதவீதம் வேறுபடுகின்றன. எது சரி?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் கூட்டல் தவறு இருக்காது. சராசரி முனைப்பரப்பு முறை, இரண்டு வெட்டுகளின் பரப்புகளைக் கூட்டி, பாதியாக்கி, இடைவெளியால் பெருக்குகிறது. ஒரு வெட்டில் 30 சதுர மீட்டர் கட்டிங், 20 மீட்டர் தள்ளி பூஜ்யம் என்றால் 300 கன மீட்டர் வரும். அந்த மண் அகலத்திலும் ஆழத்திலும் சேர்ந்தே குறைந்து கூர்முனையாக முடிந்தால் உண்மையில் 200-தான். மேடு பள்ளமாகி, பள்ளம் மேடாகும் இடங்களிலெல்லாம் இப்படிக் கூடும். வெட்டுகளை 5 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கிப் பாருங்கள். கணக்கு மென்பொருள் எண்ணை நோக்கி நகர்ந்தால் காரணம் இடைவெளி. நகரவில்லை என்றால் தரைகளிலேயே வேறுபாடு இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன ஓரம், பூஜ்யப் புள்ளி, பிரேக்லைன் மூன்றையும் மறுபடி பாருங்கள். எந்த முறையில் அளந்து பணம் தருவது என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

கேள்வி: வால்யூம் எடுக்கும்போது கட்டிங்கையும் ஃபில்லிங்கையும் பெருக்கும் எண்களுக்கு, கட் ஃபேக்டர், ஃபில் ஃபேக்டர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. என்ன போடுவது?

பதில்: மண்ணுக்கு மூன்று நிலைகள்: தரையில் கிடப்பது, தோண்டிப் பொலபொலப்பானது, ரோலரில் இறுகியது. மென்பொருள் இயல்பாக வெறும் வடிவத்தின் கன அளவைத்தான் தருகிறது. கட்டிங் 12,000, ஃபில்லிங் 10,000 என்றால் 2,000 மிச்சம் என்று காட்டும். உங்கள் மண் இறுகும்போது 10 சதவீதம் சுருங்குமானால், 10,000-ஐ நிரப்பத் தரையிலிருந்து 11,111 வேண்டும். மிச்சம் 889-தான். இதற்கு ஃபில் ஃபேக்டர் 1.11, கட் ஃபேக்டர் 1.0.

லாரிக் கணக்குக்கான உப்பலை இங்கே கலக்காதீர்கள். அந்த 11,111 தோண்டியபின் 25 சதவீதம் உப்பினால் 13,889 ஆகும்; 10 கன மீட்டர் லாரிக்கு 1,389 நடை. இதைத் தனித்தாளில் போடுங்கள். சாதாரண மண்ணுக்கு 20 முதல் 30 சதவீத உப்பல் வழக்கம், பாறைக்கு அதைவிடக் கூடும். சுருக்கத்தையோ அந்த மண்ணின் அடர்த்திச் சோதனையிலிருந்தே எடுக்க வேண்டும்.

கேள்வி: மாதாமாதம் டிரோன் சர்வே எடுத்து முந்தைய மாதத்தோடு கழிக்கிறோம். எவ்வளவு துல்லியம்?

பதில்: ஒரு ஹெக்டேரில் 3 செ.மீ. ஒரே பக்கமாகப் பிசகினால் 300 கன மீட்டர். புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழுமாக வரும் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஒரேயடியாக ஏறிய பிழை ஈடாகாது. எனவே வேலை நடக்காத கான்கிரீட் தளம் ஒன்றை எல்லைக்குள் சேர்த்துப் படமெடுங்கள். இரண்டு மாதங்களுக்கும் அங்கே வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். 2 செ.மீ. வந்தால் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (படத்தைப் பொருத்த முன்பே துல்லியமாக அளந்து தரையில் குறித்தவை) சரிபார்த்து, படங்களை மறுபடி செயலாக்கிய பின்பே கழியுங்கள். புல், நிறுத்தி வைத்த வண்டி, குவித்த ஜல்லி எல்லாம் தரையாகவே பதிவாகும். முதலில் அவற்றை நீக்க வேண்டும்.